புதன்கிழமை எலும்பு

எஸ்கோவிடம் எலும்பு தீர்ந்துபோய்விட்டது.

விடிந்தால் புதன்கிழமை, அதுவும் மாதத்தின் முதல் புதன். கல்லாரந்தா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நுழைந்தவுடன் இடது பக்கம் பாடம் செய்த கரடி ஒன்று நிற்கும். அந்தக் கரடிக்குப் பின்னால் ஒரு மேசை. மேசைமேல் ஒரு பலகை. 'கிடைத்ததைக் கொண்டு வாருங்கள், என்னவென்று சொல்கிறோம். மாதத்தின் முதல் புதன், பகல் பன்னிரண்டு முதல் இரண்டு வரை.' அந்தப் பலகைக்குப் பின்னால் சிர்க்கா உட்கார்ந்திருப்பார். வெறுங்கையை வீசிக்கொண்டு போய் அவர் எதிரில் எப்படி உட்காருவது?

"சும்மாதான் வந்தேன், உங்களைப் பாக்கணும்போல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்காரலாம். மற்ற தேசத்து ஆண்கள் அப்படிச் சொல்வார்கள் என்று கேள்வி. எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைக்கு அதைச் சொல்லி முடிக்க ஓர் ஆயுள் போதாது. எஸ்கோவின் அப்பா தன் மனைவியிடம் பிரியமாக எதையாவது சொன்னார் என்றால், அது கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்தான். அதுவும் ஒரே வார்த்தை.

எல்லாம் போன இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது. எஸ்கோ தன் வயலில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வயல்களெல்லாம் ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னால் கடலுக்கு அடியில் கிடந்தவை. நிலம் இன்னமும் மெல்ல மெல்ல எழும்பிக்கொண்டுதான் இருக்கிறது. கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் சீல் என்கிற கடல்நாயின் எலும்பு வரும். சாதாரணமாக அதைத் தூக்கி வரப்பில் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் வேலை ஓடவில்லை. எஸ்கோ எலும்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

மேசைக்குப் பின்னால் ஓர் அம்மாள் இருந்தார். எஸ்கோவின் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைவாகவும் இருக்கலாம். நனைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டிருந்தார். எஸ்கோ எலும்பை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அந்த அம்மாள் எலும்பைப் பார்த்தார், எஸ்கோவைப் பார்த்தார், மறுபடியும் எலும்பைப் பார்த்தார். கையில் எடுத்துத் திருப்பினார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

எஸ்கோவுக்கு அதுவே பிடித்துவிட்டது. வளவளவென்று பேசுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. இவ்வளவு பேசாமல் இருக்கிறாரே, பெரிய படிப்பாளியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

கடைசியில் அந்த அம்மாள் சொன்னார். "ரொம்பப் பழசு."

"ஆமாங்க."

அந்த அம்மாள் எலும்பை இன்னொரு தடவை திருப்பினார்.

"அழகா இருக்கு."

எஸ்கோவுக்கு அறுபத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. அம்மா போனபிறகு வீட்டில் பேசுவது வானொலி மட்டும். அவர் கொண்டுவந்த எதையும் பார்த்து இதுவரை யாரும் அழகாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மழைத் தண்ணீரைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர், உங்க பேரு?"

"சிர்க்கா" என்றார் அவர். அவ்வளவுதான். டாக்டர் என்பதை எஸ்கோ தானாகவே முன்னால் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெரிய படிப்பு படித்தவர்கள் பட்டத்தை வாயால் சொல்லிக்கொள்ள மாட்டார்கள், சொன்னால் ஊர் சிரிக்கும்.

புறப்படும்போது சிர்க்கா கேட்டார். "அடுத்த மாசமும் வருவீங்களா?"

இதற்கு ஆயிரம் பதில் இருக்கிறது. எஸ்கோ சொன்னது இது. "எலும்பு கிடைச்சா."

தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான். அன்றிலிருந்து மாதாமாதம் ஓர் எலும்பு தேவைப்பட்டது. விலா எலும்பு, முதுகெலும்புத் துண்டு, ஒரு பல். குளிர்காலம் முழுவதும் மாட்டுக் கொட்டகையின் பின்புறம், அப்பா காலத்திலிருந்து எறிந்திருந்த எலும்பையெல்லாம் பனிக்குள் கையை விட்டுத் தேடினார். சிர்க்கா ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்ப்பார். "இதுவும் பழசு" என்பார். கைக்குட்டையில் சுற்றிப் பத்திரமாகத் தன் பையில் வைத்துக்கொள்வார். பிறகு இருவரும் கரடியின் முதுகைப் பார்த்தபடி இரண்டு மணி வரை உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் யாரும் வர மாட்டார்கள். வந்தாலும் கரடியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். எஸ்கோவின் வாழ்க்கையில் அதுதான் உருப்படியான நேரம்.

இப்போது மே மாதம் வந்துவிட்டது, எலும்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கத்துப் பண்ணைக்காரர் பெர்த்தியின் சவுனாவில், அதாவது நீராவிக் குளியலறையில், இரண்டு பேரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஊர் ஆண்கள் மனதைத் திறப்பது அங்கேதான். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

"எலும்பு தீந்துபோச்சுடா" என்றார் எஸ்கோ.

பெர்த்தி சூடான கல்மேல் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றினார். அவர் பன்றி வளர்க்கிறவர்.

"அவ்வளவுதானே? என்கிட்ட வாளி வாளியா கிடக்கு. ஒண்ணு எடுத்துட்டுப் போ."

"பன்னி எலும்பையா? டேய், அவங்க டாக்டருடா! எலும்புலயே ஊறினவங்க. பாத்த மாத்திரத்துல சொல்லிடுவாங்க."

"சொல்லட்டுமே. 'இது பன்னி'ம்பாங்க. நீ 'அடடா, அப்படியா'ன்னு சொல்லு. உனக்கு வேண்டியது அவங்க வாயால ரெண்டு வார்த்தை. அது கடல்நாயா இருந்தா என்ன, பன்னியா இருந்தா என்ன?"

யோசித்துப் பார்த்தால் இதில் தப்பே இல்லை. பொய் சொல்லப் போவதில்லை. எலும்பை வைக்கப் போகிறார், அவர் பன்றி என்று சொல்லப் போகிறார், கதை முடிந்தது. எஸ்கோ ஒப்புக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் சரியாகப் போயிருக்கும். ஆனால் பெர்த்தி கொடுத்த எலும்பு வெள்ளை வெளேர் என்று, நேற்றுத்தான் சூப்பிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது. உண்மையில் நேற்றுத்தான் எடுத்தது. இதை அப்படியே கொண்டுபோய் வைத்தால் மரியாதையாக இருக்காது என்று எஸ்கோவுக்குத் தோன்றியது. வீட்டிலிருந்த காப்பித்தூள் முழுவதையும் பானையில் கொட்டி, எலும்பை அதில் போட்டுக் கொதிக்கவிட்டார். காலையில் பார்த்தால் எலும்பு பழுப்பேறி, பார்க்கப் பக்தி வரும்படி ஆகியிருந்தது. குடிக்கக் காப்பிதான் இல்லை.

அருங்காட்சியகத்து வாசலில் மைரே இருந்தாள். டிக்கெட் கொடுப்பது, காப்பி ஊற்றுவது, கோட்டை வாங்கி மாட்டுவது எல்லாம் அவள்தான். அடுத்தவர் விஷயத்தில் தலையிடாத ரகம். கண்ணெதிரே ஒருவர் தப்பான பஸ்ஸில் ஏறினாலும், அங்கேதான் போக வேண்டுமோ என்னவோ என்று விட்டுவிடுவாள்.

"மறுபடியும் எலும்பா?"

"ம்."

"பன்னண்டுக்கு வந்துடுவீங்கன்னு இருந்தேன். காப்பி ரெடி. குடிச்சிட்டுப் போங்க."

சிர்க்கா மேசையில் இருந்தார். எஸ்கோ எலும்பை வைத்துவிட்டுக் காத்திருந்தார். 'பன்னி' என்ற வார்த்தைக்காகத்தான். 'அடடா, அப்படியா' என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

சிர்க்கா எலும்பைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"காப்பி வாசனை வருதே."

"என் கைங்க. இப்பத்தான் குடிச்சேன்."

சிர்க்கா எலும்பைத் தடவிப் பார்த்தார். "இது முன்னாடி கொண்டுவந்த மாதிரி இல்ல."

"இல்லைங்களா?"

"வேற மாதிரி இருக்கு."

"வேற மாதிரின்னா?"

"வேற" என்றார் சிர்க்கா. கரடியின் முதுகைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். கழுத்து லேசாகச் சிவந்தது. "எஸ்கோ, இது கிடைச்ச இடத்தை நான் வந்து பாக்கலாமா?"

 எஸ்கோவின் வீட்டுக்கே வருகிறேன் என்கிறார்! 'டாக்டர், இது பன்னி எலும்பு' என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான். வாய் திறந்தது.

"சனிக்கிழமை வசதிப்படுமா?" என்றது வாய்.

"வரேன். ஏலக்காய் போட்டு புல்லா ரொட்டி சுட்டு எடுத்துட்டு வரேன்."

வெள்ளிக்கிழமை எஸ்கோ தூங்கவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. வயலில் வாய்க்கால் இருக்கிறது, எலும்பு இல்லை. டாக்டர் வந்து தோண்டிப் பார்த்தால் மண்தான் வரும்.

"புதைச்சு வெச்சுடு" என்றார் பெர்த்தி. யோசனை சொல்வதில் அவருக்கு அலுப்பே கிடையாது. ஒரு வாளி எலும்பையும் கொண்டுவந்து இறக்கினார். "கொஞ்சமா வெச்சா சந்தேகம் வரும். தாராளமா வை."

எஸ்கோ மண்ணள்ளும் இயந்திரத்தை எடுத்து ஆழமாகத் தோண்டி, காப்பியில் வெந்த பன்றி எலும்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டு மூடினார். கூட்டுறவுக் கடையில் ஒரே ஆள் அத்தனை டப்பா காப்பித்தூள் வாங்கியதைப் பார்த்து, வீட்டில் ஏதோ துக்கம், ஊரே வரப்போகிறது என்று கடைக்காரி அனுதாபம் சொல்லி அனுப்பினாள். மூடிவிட்டு அவர் திரும்பியதும் பெர்த்தியின் நாய் முஸ்தி பாதியைத் தோண்டி வெளியே போட்டது. மறுபடி புதைத்து, மேலே கல்லைப் புரட்டி வைத்தார்.

சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து சிர்க்கா ரப்பர் பூட்ஸோடு இறங்கினார். கையில் துணி மூடிய கூடை. பஸ் நிறுத்தத்திலிருந்து வயல்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார்கள். எஸ்கோவுக்கு அந்த நடை முடியவே வேண்டாம் என்றிருந்தது.

தோண்ட ஆரம்பித்ததும் எலும்பு வந்தது. இன்னொன்று வந்தது. சிர்க்கா சிறுபெண்போல் கையைத் தட்டினார். "இங்க ஒண்ணு! அய்யோ, இங்கயும் பாருங்க!" முழங்கால்வரை சேறு, மூக்கில் சேறு. எஸ்கோ அவர் சிரித்து இதுவரை பார்த்ததில்லை.  இவ்வளவு நல்ல மனுஷியை ஏமாற்றுகிறோமே, நாமெல்லாம் ஒரு ஆளா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

"ஒரு குடும்பமே இருந்திருக்கும்போல" என்றார் சிர்க்கா.

"இருந்திருக்கும்" என்றார் எஸ்கோ. பன்றிக்கு எத்தனை முன்னங்கால் என்பதை அவர் நேற்று யோசிக்கவில்லை.

அப்போது முஸ்தி எங்கிருந்தோ ஓடிவந்தது. குவித்து வைத்ததில் ஒன்றைக் கவ்விக்கொண்டு வரப்பில் படுத்து, கடகடவென்று கடித்துத் தின்ன ஆரம்பித்தது. ஏழாயிரம் வருஷத்து எலும்பை எந்த நாயும் இப்படி ரசித்துத் தின்னாது. இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள்.

"நல்லா பாதுகாக்கப்பட்டிருக்கு" என்றார் சிர்க்கா மெதுவாக.

"களிமண்ணுங்க. எங்க பக்கத்துக் களிமண் அப்படி."

பிறகு சமையலறையில் காப்பி. அங்கே இரண்டு நாற்காலி உண்டு. ஒன்று எஸ்கோவுடையது. மற்றதில் அம்மா போனதிலிருந்து செய்தித்தாள்தான் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அதில் சிர்க்கா உட்கார்ந்து, புல்லாவைப் பிட்டுப் பாதியை அவர் தட்டில் வைத்தார். அந்தப் பாதியைப் பார்த்ததும் எஸ்கோவுக்குத் தாங்க முடியவில்லை. இனி இதை மறைத்தால் மனுஷனே இல்லை.

"டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எஸ்கோ, நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீங்க சொல்லுங்க."

"இல்ல, நீங்கதான் முதல்ல ஆரம்பிச்சீங்க."

"பரவால்லைங்க. நீங்க சொல்லுங்க."

இரண்டு பேரும் மேசைத் துணியின் கட்டங்களைப் பார்த்தார்கள். ஒருவர் சொல்லட்டும் என்று இன்னொருவர் வழிவிட்டு, இன்னொருவர் சொல்லட்டும் என்று இவர் வழிவிட்டு, பஸ் வரும் நேரமாகிவிட்டது.

"டாக்டர்னு சொல்லாதீங்க. சிர்க்கான்னே கூப்பிடுங்களேன்" என்று மட்டும் வாசலில் சொன்னார் சிர்க்கா. எஸ்கோ தலையாட்டினார். அன்று ராத்திரி தனியாக இருக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

இதோடு முடிந்திருந்தாலும் பிழைத்திருக்கலாம். பெர்த்தி தன் பங்குக்கு உதவி செய்தார். கூட்டுறவுக் கடையில் காப்பி குடிக்கிற இடத்தில், "எஸ்கோ வயல்ல என்னமோ பெருசா கிடைச்சிருக்காம், டாக்டரே நேர்ல வந்து பாத்துட்டுப் போனாங்க" என்று அவிழ்த்துவிட்டார். பெண் விஷயத்தில் நண்பனின் மதிப்பை உயர்த்துகிறாராம்!

திங்கட்கிழமை செய்தித்தாளிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எஸ்கோவுக்குப் போன் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"உங்க வயல்ல பழைய எலும்பு கிடைச்சிருக்கா?"

"ம்."

"நிறையவா?"

"ம்."

"கடல் இருந்த காலத்துது, இல்லையா?"

எஸ்கோ இல்லை என்பதற்காக ஒரு "ம்" போட்டார். எங்கள் பாஷையில் இல்லைக்கும் ஆமாமுக்கும் அதே "ம்"தான், கேட்கிறவர் மனசைப் பொறுத்தது.

"மியூசியத்து நிபுணர் உறுதி பண்ணிட்டாங்களா?"

"ம்... இல்ல, அது வந்து..."

"ரொம்ப நன்றி!"

மறுநாள் பத்திரிகையில், 'வயலுக்கு அடியில் கடல்! நிபுணர் உறுதி' என்று தலைப்பு. அதன் கீழே எஸ்கோவே வியக்கும்படி அவர் முழுமுழு வாக்கியங்களில் பேசியிருந்தார். எஸ்கோ பதறிப்போய், வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே போன் எடுத்துச் சுழற்றினார். "அது அவ்வளவு பெரிய விஷயமில்லம்மா, அதை விட்டுடுங்க" என்று கெஞ்சினார். அடுத்த நாள் அதுவும் வந்தது. 'பெருமை வேண்டாம் என்கிறார் எளிய விவசாயி.'

மூன்றாவது செய்தி அவர் தலையில் இடியாக இறங்கியது. ஹெல்சிங்கியிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வருகிறாராம். ஜூன் முதல் புதன்கிழமை, கல்லாரந்தா அருங்காட்சியகத்தில் வைத்து எலும்புகளைப் பார்க்கிறாராம்.

எஸ்கோ தன்னைப்பற்றிக் கவலைப்படவில்லை. ஊர் தன்னைப் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும், வயலுக்குப் போனால் பார்லிச் செடி சிரிக்காது. கவலையெல்லாம் சிர்க்காவைப் பற்றித்தான். பன்றிக்கும் கடல்நாய்க்கும் வித்தியாசம் தெரியாத டாக்டர் என்று நாடு முழுக்கப் பேசும். வேலை போகும். அந்த மேசை போகும். ஒரு காப்பிப் பானையில் அந்த அம்மாளின் படிப்பையெல்லாம் வேகவைத்துவிட்டோமே! அவரிடம் முன்னாலேயே சொல்லி எச்சரிக்கலாம் என்றால் போன் நம்பர் கிடையாது, வீடு தெரியாது, மற்ற நாளில் அந்த மேசை காலி. அவரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் புதன்கிழமைதான்.

ஆகவே புதன்கிழமை வழக்கத்தைவிட முன்னதாகவே போய்ச் சேர்ந்தார். கையில் வாளி. மைரே நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னிக்கு மொத்தமாவா?"

"ம்" என்றுவிட்டு எஸ்கோ கரடியைத் தாண்டினார்.

சிர்க்கா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எதிரில் பத்திரிகை. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எஸ்கோ, நல்லவேளை வந்தீங்க. அவங்க வர்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு..."

"டாக்டர், நான் முதல்ல சொல்லிடறேன்..."

"இல்ல, எஸ்கோ, தயவுசெஞ்சு..."

"வணக்கம்! எலும்பு எங்க?" என்று ஒரு குரல் கேட்டது.

ஹெல்சிங்கி ஆராய்ச்சியாளர் முதுகில் பை மாட்டிய ஓர் இளம்பெண். தலைநகர்க்காரர்கள் எல்லோரையும்போல் அவசரம். பதிலுக்குக் காத்திராமல் வாளிக்குள் கையை விட்டாள். ஓர் எலும்பை எடுத்தாள்.

"பன்னி."

அடுத்ததை எடுத்தாள். "பன்னி." மூன்றாவதை விளக்குக்கு நேரே பிடித்தாள். "இதுவும் பன்னிதான். நாய் வேற கடிச்சிருக்கு." முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "காப்பியா இது?"

 வாசலில் மைரே காப்பிக் கோப்பைகளைத் தட்டில் அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இதுக்காகவா என்னை இவ்வளவு தூரம் வரவழைச்சீங்க? கறிக்கடையில வேலை பாக்கறவங்களுக்கே இது தெரியும். யாரு இதை உறுதி பண்ணினது?" அவள் பார்வை மேசைக்குப் பின்னால் போய் நின்றது. "நீங்களா? எந்தப் பல்கலைக்கழகம் நீங்க?"

சிர்க்கா எதிரிலிருந்த பத்திரிகையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். அதைப் பார்த்ததும் எஸ்கோவுக்குள் என்னவோ அறுந்துபோனது. எங்கள் ஊரில் அறுபது வருஷத்துக்குச் சேர்த்து வைக்கிற பேச்சையெல்லாம் அவர் அன்று ஒரே மூச்சில் கொட்டினார்.

"அவங்களைக் கேக்காதீங்க! எல்லாம் என் வேலை. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. பெரிய படிப்பு படிச்சவங்க, பெரிய மனசு. நான் கொண்டுவந்ததை நம்பினாங்க, அவ்வளவுதான். யாராவது ஒருத்தன் காப்பியில வேகவெச்சு எலும்பு கொண்டுவருவான்னு எந்த டாக்டரு நினைப்பாரு? நான்தான் வேகவெச்சேன். நான்தான் வயல்ல புதைச்சேன். என்கிட்ட நல்ல எலும்பு தீந்துபோச்சு. எலும்பு இல்லாம இங்க வர எனக்குத் தைரியம் இல்ல. இவங்களைப் பாக்காம ஒரு மாசம் இருக்கவும் முடியல. அதான் நடந்துச்சு. பேப்பர்ல போடறதுன்னா என் பேரைப் போட்டுக்குங்க, என் போட்டோவையும் போடுங்க. இவங்க வேலைக்கு மட்டும் எதுவும் வந்துடக்கூடாது. இவங்க பத்து வார்த்தை பேசறதுக்காக நான் மாசம் பூரா காத்துக்கிட்டிருக்கேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே மூச்சு வாங்கியது. காது நுனிவரை சிவந்துபோய்க் கரடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிர்க்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் கண்ணீர் வழிந்தது.

"எஸ்கோ" என்றார் முகத்தை எடுக்காமலே. "போதும், எஸ்கோ. நான்தான்... நான்..."

ஹெல்சிங்கிக்காரி கொஞ்சம் இளகினாள். ஆனாலும் படித்தவளுக்கே உரிய பிடிவாதம் விடவில்லை.

"அதெல்லாம் சரிங்க, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. காப்பியில வேகவெச்சாலும் பன்னி பன்னிதானே? ஒரு டாக்டருக்கு எப்படி அது தெரியாமப் போகும்?"

காப்பித் தட்டோடு வந்த மைரே அதை மேசைமேல் வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் விஷயத்தில் வாயைத் திறந்தாள்.

"எந்த டாக்டரைச் சொல்றீங்க எல்லாரும், எலும்பு டாக்டர் ரிட்டயர் ஆகி மூணு வருஷமாச்சு, பலகையை எடுக்கத்தான் ஆளில்ல, இந்தம்மா போன வருஷம் மழைக்கு ஒதுங்கி அந்த நாற்காலியில உக்காந்தவங்க, அந்த நேரம் பாத்து இவரு போய் எலும்பை நீட்டினாரு, அன்னியிலேருந்து மாசாமாசம் டிக்கெட் வாங்கிக்கிட்டு, இவரு வர்றதுக்கு முன்னாடியே ஓடிப்போய் அங்க உக்காந்துக்கறாங்க."